மூன்றாம் மாடிக் கயிறு

இன்றைக்கும் நாலு மணிக்கு உன் மணி அடித்தது.

நான் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு பிள்ளைகளும் ஒன்றாகத் தலையைத் தூக்கிப் பால்கனிப் பக்கம் பார்த்தார்கள். "அத்தை வந்துட்டாங்க" என்றாள் ஒருத்தி, பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற சாதாரணக் குரலில். அவள் உன்னைப் பார்த்ததே கிடையாது. நீ போனபோது அவளுக்கு மூன்று வயதிருக்கும். ஆனாலும் கீழே ஆளில்லாமல் மணி அடித்தால் அது அத்தைதான் என்று இந்த வகுப்பில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. முதலில் அதட்டிப் பார்த்தேன். காற்று என்றேன், காக்கை என்றேன், இரண்டாம் மாடியில் துணி காயப்போடும்போது கம்பு படுகிறது என்றேன். இத்தனையும் சொல்லிவிட்டு நானே எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன். பிள்ளைகள் என்னை எப்படி நம்புவார்கள்?

கீழ்வீட்டுப் பர்மிய அம்மா டோ மியா கயிற்றை அறுத்துப் போடும்படி இரண்டு முறை சொல்லிவிட்டார். செத்த ஏழாம் நாள் சோறு போட்ட பிறகும் ஒருத்தர் போகாமல் இருந்தால், அவர் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒன்றும் தொங்கக்கூடாது என்பது அவர் கட்சி. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். கயிறு நைந்தபோது நைலானில் புதுசு வாங்கி மாட்டினேன். மேல்முனையில் அந்தப் பித்தளை மணியும் கீழ்முனையில் அந்த இரும்புக் கிளிப்பும் பழையவைதான். ரங்கூனில் எந்தப் பால்கனியில்தான் கயிறு இல்லை? பேப்பர் ஏறும், சாவி இறங்கும், மொஹிங்கா நூடுல்ஸ் பொட்டலம் ஏறும். ஆனால் பிள்ளைகளின் மார்க்குக் கார்டு ஏறிய கயிறு உன்னுடையது ஒன்றுதான்.

இன்று எட்டிப் பார்த்தபோது கீழே ஆள் இருந்தது. குடை தெரிந்தது. கிளிப்பில் நீலக் கார்டும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே சொல்லிவிட்டேனா, இல்லையா என்பது எனக்கே தெரியாது.

நம் இருவரின் அப்பாவும் போட்டாதாங்கில் ஒரே படகுத்துறையில் மூட்டை சுமந்தவர்கள். நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பத்தாவதை நான் முதல் தடவையிலேயே தாண்டினேன்; நீ மூன்றாவது தடவையில். இதை முப்பது வருஷம் உனக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருந்தேன், நல்ல தோழி என்றால் அப்படித்தான். நீ பதிலுக்கு எனக்கு 'ஸ்கேலு' என்று பெயர் வைத்தாய். நேராகத்தான் இருக்கும், வளையச் சொன்னால் ஒடியும் என்று விளக்கமும் சொன்னாய். கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. கன்டெய்னர் எண்களை ஒரு எழுத்துப் பிசகாமல் உரக்க வாசிப்பதுதான் என் பாதி நாள் உத்தியோகம். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

வகுப்பு உன் யோசனை. உன் முன்னறையில் பாய் விரித்து, நீ பர்மா எழுத்தும் வாசிப்பும், நான் கணக்கும். படகுத்துறைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், இட்லி வடை விற்கிற வீட்டுப் பிள்ளைகள், முனிசிபாலிட்டிக் குடியிருப்புப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான். டீச்சர் சொல்வதை அம்மாவுக்கும், அம்மா சொல்வதை டீச்சருக்கும் அதுதான் சொல்ல வேண்டும். தனக்குச் சாதகமாகத்தான் சொல்லும். நாமும் அப்படித்தான் சொன்னோம்.

கேசரி விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாலு பாடத்தில் பெயில். டீச்சர் நாலு மார்க்கையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். "இது ஏண்டி செவப்பா இருக்கு?" என்று அம்மா கேட்டாள். "நல்லாப் படிக்கிற பிள்ளைக்குத்தாம்மா சயாமா செவப்புப் போடுவாங்க" என்று அந்தச் சாமர்த்தியசாலி சொல்லிவிட்டது. சிவப்பு என்றால் குங்கும நிறம், மங்கலம். அந்த அம்மா கார்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றி, கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். உனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கேசரியை வாயில் போட்டுக்கொண்டே நீ கார்டை வாங்கிப் பார்த்தாய், உன் வாய் அப்படியே நின்றது. நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய்.

அடுத்த மாதமே தெருவில் ஒரு சட்டம் வந்தது. கார்டெல்லாம் மூன்றாம் மாடிக்கு வரவேண்டும். நாலு மணிக்கு அம்மாக்கள் கீழே வருவார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கார்டைக் கிளிப்பில் மாட்டி மணியடிப்பார்கள். நாள் முழுக்க நின்ற காலோடு மூன்று மாடி ஏற அவர்களால் முடியாது. நீ கயிற்றை இழுத்து, மனசுக்குள் ஒரு தரம் படித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைப்பிடிமேல் சாய்ந்து தமிழில் வாசிப்பாய். அதைக் கேட்ட பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ.

பிள்ளைகளின் பொய்யை ஒழிக்க வந்த சட்டம் அது. அதில் நீ சொன்ன பொய்களுக்கு அளவே இல்லை. மார்க்கை மட்டும் மாற்ற மாட்டாய், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்டில் டீச்சர் எழுதுவதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறதே, முக்கால்வாசிக் கார்டில் அது காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து நீ மணி மணியாக வாசிப்பாய். "எழுத்து முத்து முத்தா இருக்குன்னு எழுதியிருக்காங்க." "கூடப் படிக்கிற பிள்ளைக்கு உதவி செய்யுதாம்." "கணக்கு இன்னும் மூணு மாசத்துல வந்துரும், பொறுமையா இருங்கன்னு எழுதியிருக்காங்க." கீழே அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொள்வாள். நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் சண்டை போட்டேன். "இல்லாதத வாசிக்கிறதுக்கு நீ யாரு? பெத்தவங்களுக்கு உண்மை தெரிய வேணாமா?"

நீ முகத்துக்குப் பூசும் தனக்காக் கட்டையை அரைத்துக்கொண்டிருந்தாய். கல்லிலிருந்து கையை எடுக்கவேயில்லை. "எங்கப்பாவுக்கு பர்மா எழுத்துத் தெரிஞ்சிருந்தா நான் பத்தாவது பாஸ் பண்ணியிருக்க மாட்டேண்டி. ரெண்டு வருஷம் ரிசல்ட்டு இன்னும் வரலப்பா, வரலப்பான்னு சொல்லியே உக்காந்து படிச்சேன். தெரிஞ்சிருந்தா மொத வருஷமே கட்டிக் குடுத்திருப்பாரு."

அது பதில் இல்லை என்று அன்று நினைத்தேன்.

பெற்றோர் கூட்டத்துக்கும் நீதான் போனாய். பர்மிய டீச்சர் முன்னால் உட்கார்ந்து பேசக் கூச்சப்பட்ட எல்லா அம்மாக்களுக்கும் பதிலாக, எல்லாப் பிள்ளைக்கும் அத்தையாக. "உங்களுக்கு எத்தனை அண்ணன் தம்பி?" என்று ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் சந்தேகத்தோடு கேட்டதற்கு, "எங்கப்பா நல்ல உழைப்பாளி" என்று நீ சொன்னதை அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். அப்படித்தான் நீ அத்தை ஆனாய். நான் கடைசிவரை சயாமாதான், டீச்சர்தான்.

இனி வள்ளி.

ஒன்பதாம் வகுப்பு. செல்லம்மாவின் மூத்த பெண். செல்லம்மா முனையில் பருப்பு வடை போடுவாள். வள்ளி நன்றாகப் பாடும், நன்றாகப் பேசும், பர்மிய வாசிப்பில் உன் செல்லம். கணக்கு மட்டும் ஏறவே ஏறாது. என்னைக் கண்டால் மூத்திரம் வருகிறது என்று எழுந்து போய்விடும். அந்த மாதம் உன் தம்பி வீட்டில் காது குத்து என்று நீ த்வாண்டேக்குப் போயிருந்தாய். "நாலு மணிக்கு நீ வாசிச்சிரு" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "ஸ்கேலு, கொஞ்சம் பாத்து வாசிடி" என்றாய். நான் அதைக் கேட்டேன். கேட்கவில்லை என்று இதுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

அன்று கீழே ஏழெட்டு அம்மாக்கள் நின்றார்கள். வள்ளியும் அம்மா பக்கத்தில் நின்றது. கார்டை இழுத்துப் பார்த்தேன். இன்று இவர்களுக்கு உண்மை தெரியட்டும் என்று எனக்குள் ஒரு வேகம். அதில் உன்மேல் இருந்த பொறாமையும் சேர்த்திதான், அதை இப்போது மறைத்து என்ன? மேலே வாருங்கள் என்று செல்லம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். நானே இறங்கிப் போயிருக்கலாம். மூன்று மாடிதானே. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கன்டெய்னர் நம்பர் வாசிக்கிற குரலில் வாசித்தேன். "செல்லம்மாக்கா, வள்ளிக்கு மூணு பாடம் பெயில். கணக்கு பதினேழு. வகுப்புல நாப்பத்தெட்டாவது இடம். மொத்தமே அம்பது பேருதான்."

மற்ற அம்மாக்கள் கூடையைப் பார்த்துக்கொண்டார்கள். வள்ளி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அழவில்லை. செல்லம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "உள்ளதச் சொன்னதுக்கு நல்லாருப்பம்மா" என்றாள். நான் கார்டை இறக்கினேன். அடுத்த மணி அடித்தது. அதையும் அப்படியே வாசித்தேன்.

அடுத்த வாரம் வள்ளி பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. லைந்தாயாவில் சட்டை தைக்கிற பாக்டரிக்கு, பெரியப்பா மகளின் அடையாள அட்டையைக் காட்டிச் சேர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். வயது பதினாலு.

நீ த்வாண்டேயிலிருந்து வந்து பையைக்கூட வைக்காமல் செல்லம்மா வீட்டுக்கு ஓடினாய். மூன்று நாள் நடந்தாய். மூன்றாம் நாள் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து, "என்னாலதாண்டி" என்று அழுதாய். "பிள்ளை நல்லாப் படிக்குது, நல்லாப் படிக்குதுன்னு சொல்லிச் சொல்லி வச்சிட்டேன். அந்தப் பொய்யத் தூக்கிச் சுமக்க முடியாம ஓடிருச்சு."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் வாய் திறக்கவில்லை. செல்லம்மா உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று தோன்றியது. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். எல்லாருக்கும் உண்மையைச் சொல்லியே தீரவேண்டும் என்று குதித்தவள், ஒரு உண்மையை உன்னிடம் சொல்லப் பன்னிரண்டு வருஷம் நாள் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு வருஷமும் வள்ளியின் பேச்சு வந்தால் நீ கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்து போவேன்.

பிறகு அந்த நோய் வந்த மழைக்காலம். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்ற அந்த மாதம். "மேல வராத. எனக்கு இருமல். கயித்துல அனுப்பு" என்று நீ போனில் சொன்னாய். நான் தினமும் கஞ்சியும் மாத்திரையும் கொண்டுவந்து பையைக் கிளிப்பில் மாட்டி மணியடிப்பேன். கயிறு மேலே போகும். முதல் நாள் விறுவிறுவென்று போனது. மூன்றாம் நாள் நின்று நின்று போனது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பேன், மழை முகத்தில் விழும். நாலாம் நாள் நீ கைப்பிடிக்கு மேல் தலையை நீட்டினாய். முகம் பாதியாகியிருந்தது. "கஞ்சில உப்பு ஜாஸ்தி, பெயில்" என்றாய். அதைச் சொல்லி முடிக்க உனக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

அதற்கு மேலும் தள்ளிப்போட எனக்குப் பயமாக இருந்தது. தெருவில் நின்று கத்திச் சொல்லக்கூடிய விஷயமா அது? ஒருமுறை கத்திச் சொன்னதால் வந்த வினைதானே. மறுநாள் ஒரு தாளில் எழுதினேன். அரைப்பக்கம். வள்ளியின் கார்டை நான்தான் வாசித்தேன், தெருவே கேட்க வாசித்தேன், உன் பொய்யில் அந்தப் பிள்ளை போகவில்லை, என் உண்மையில்தான் போனது, மன்னித்துக்கொள். நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கஞ்சிப் பையோடு சேர்த்து மாட்டினேன். மணியடித்தேன். வெகுநேரம் கழித்துக் கயிறு அசைந்தது. பை ஒவ்வொரு மாடியாக ஏறிக் கைப்பிடியைத் தாண்டி உள்ளே போனது. உன் கையை மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் இறங்கி வரவில்லை.

அடுத்த நாள் நாலு மணிக்கு மணியடித்தேன். கயிறு ஏறவில்லை. மறுபடி அடித்தேன். விடாமல் அடித்தேன். எல்லா மாடியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன, மூன்றாம் மாடியைத் தவிர. டோ மியா கீழே வந்து என் கையைப் பிடித்துக் கயிற்றிலிருந்து எடுத்துவிட்டார். வெள்ளை உடை போட்டவர்கள் உன்னைத் தூக்கிப் போனபோது என்னை முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். வாய்க்கரிசி இல்லை, ஒரு பூ இல்லை.

உன் தம்பி மூன்று மாதம் கழித்து வந்து வீட்டைத் திறந்தார். பாய், துணி எல்லாவற்றையும் ஏற்கெனவே எரித்துவிட்டார்களாம். "வகுப்பு நடக்கட்டுங்க்கா" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு அழுதார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லாமல் அலமாரியைத் துழாவினேன். அந்தத் தாள் கிடைக்கவில்லை. உன் புத்தகங்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்திருக்கிறேன், கஞ்சிப் பாத்திரங்களைக்கூட. படித்தாயா? படிக்கத் தெம்பு இருந்ததா? படித்துவிட்டு என்மேல் வெறுப்போடு கண்ணை மூடினாயா? நாலு வருஷமாக ஆளில்லாமல் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான். பிள்ளைகள் அத்தை என்கிறார்கள். நான் எட்டிப் பார்ப்பது காக்கையைத் தேடி அல்ல.

போன மாதம் ஒருத்தி மூன்று மாடியும் ஏறி மேலே வந்தாள். முப்பது வயதிருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு நாலாம் வகுப்புப் பெண் ஒன்று. கரண்ட் இல்லாத நேரம். ஜன்னலோரம் உட்கார்த்திவைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "மீனாவ வகுப்புல சேக்கணும் சயாமா. கணக்குத்தான் வரல" என்றாள். பெயர் எழுத நோட்டை எடுத்தேன். "அம்மா பேரு?"

"வள்ளி. செல்லம்மா மக."

எனக்கு எழுத்து ஓடவில்லை. அவள் பாயில் உட்கார்ந்தாள், அவள் எப்போதும் உட்காரும் சுவரோரம்.

நானாகவே ஆரம்பித்தேன். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. அன்று வாசித்தது, நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டது, நான் மறைத்தது, அந்தத் தாள், எல்லாம் கொட்டினேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"அத்தைக்குத் தெரியுமே சயாமா."

"என்ன தெரியும்?"

"நீங்க வாசிச்சது. அம்மா மொத நாளே சொல்லிருச்சு. நானும் அங்கனதான் நின்னேன். அத்தை அம்மா கையப் புடிச்சிக்கிட்டு, 'இத அவகிட்ட யாரும் கேட்டுறாதீங்க. அவ ஒடஞ்சு போயிருவா, வகுப்புப் பக்கமே வரமாட்டா. கணக்குச் சொல்லிக்குடுக்க அவள விட்டா நமக்கு யாரு இருக்கா?'ன்னாங்க. அப்புறம் மாசாமாசம் பாக்டரி வாசல்ல வந்து நிப்பாங்க. என்னையப் பாத்துட்டு, ஒரு புத்தகம் குடுத்துட்டுப் போவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. மாதாமாதம் தங்கச்சி வீடு என்று சொல்லிவிட்டு நீ போவாயே, உனக்குத் தங்கச்சியே கிடையாதே என்று ஒருநாளாவது நான் யோசித்தேனா?

"எங்கம்மா நிறுத்துனதுக்கு நீங்க மட்டும் காரணமில்ல. அப்பா அப்ப இடுப்பு ஒடஞ்சு கெடந்தாரு" என்றாள். "ஆனா உங்க மேல கோவம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. அம்புட்டுப் பேரு முன்னாடி வாசிச்சீங்கள்ல" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெரு முழுக்கப் பர்மியத்தில் "மீ லாபீ!" என்று கத்தினார்கள், வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள், மீனாவும் கத்தியது. மின்விசிறி சுற்றத் தொடங்கி நோட்டுத் தாள்களைப் புரட்டியது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லவேண்டும். ஒரு வாரம் உன் படத்துக்குப் பூ வைக்கவில்லை. "என்னாலதாண்டி" என்று பாயில் உட்கார்ந்து நீ அழுத அழுகை இருக்கிறதே, அது எனக்காக அழுத அழுகை. எல்லாம் தெரிந்துகொண்டே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என் பங்கையும் எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது, நான் பேச இடம் கொடுத்துப் பார்த்ததா? ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போனபோது என்ன நினைத்தாய்? திட்டியிருந்தால் நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு வந்திருப்பேன். வந்திருப்பேனா? வந்திருக்க மாட்டேன். உனக்கு என்னை நன்றாகத் தெரியும்.

இனி இன்றைய மணி. மீனா வகுப்பில் சேர்ந்து வருகிற முதல் கார்டு. கயிற்றை இழுத்து எடுத்துப் பார்த்தேன். பர்மியம் அறுபத்தெட்டு, ஆங்கிலம் ஐம்பத்திரண்டு, மற்றதெல்லாம் பாஸ். கணக்கு முப்பத்திநாலு, சிவப்பு வட்டம். டீச்சர் எழுதும் கட்டம் காலி. கீழே குடைக்குள்ளிருந்து வள்ளி அண்ணாந்து பார்த்தாள். வேறு நாலு அம்மாக்களும் நின்றார்கள், மழைக்கு ஒதுங்கி.

"மேல வாயேன்" என்றேன்.

"வேணாம். அங்கேருந்தே வாசிங்க."

"உனக்குத்தான் பர்மா நல்லா வாசிக்க வருமே?"

"வாசிச்சிட்டேன் சயாமா. இப்ப நீங்க வாசிங்க. நல்லாச் சத்தமா. அன்னைக்கு வாசிச்ச மாதிரி."

மற்ற அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீனா வந்து என் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். ஏற்றினால் எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசித்தேன். ஒவ்வொரு மார்க்காக, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். "கணக்கு முப்பத்திநாலு. பெயில்." அதையும் உரக்கத்தான் சொன்னேன். பிறகு அந்தக் காலிக் கட்டத்துக்கு வந்தேன். விரலை வைத்துக்கொண்டேன்.

"சயாமா எழுதியிருக்காங்க. 'புள்ள கேள்வி கேக்குது. தப்பாப் போட்டா அழிச்சிட்டு மறுபடியும் போடுது. இந்தப் புள்ளைய எதுக்காகவும் நிறுத்திறாதீங்க'ன்னு எழுதியிருக்காங்க."

வள்ளி அசையாமல் நின்றாள். அவள் அந்தக் கட்டத்தை ஏற்கெனவே பார்த்தவள்.

"அப்பிடியா எழுதியிருக்கு?"

"ஆமா."

"என்ன மையில எழுதியிருக்கு சயாமா?"

அந்தக் கேசரிக் கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். "செவப்புல" என்றேன்.

குடை ஆடியது. சிரித்தாளா அழுதாளா என்று மூன்றாம் மாடியிலிருந்து தெரியவில்லை. கார்டைக் கிளிப்பில் மாட்டி இறக்கினேன். அது இரண்டாம் மாடி தாண்டி, டோ மியாவின் ஜன்னல் தாண்டி, அவள் கைக்குப் போய்ச் சேரும்வரை கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மீனா என் புடவையைப் பிடித்து இழுத்து, "சயாமா, நெசமாவே அப்பிடி எழுதியிருக்காங்களா?" என்று கேட்டது. "போய் அடுத்த கணக்கப் போடு" என்றேன்.

இப்போது பிள்ளைகள் போய்விட்டார்கள். உன் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது, அதைத் துடைத்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்தத் தாளை இனித் தேடமாட்டேன். நீ படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும் அதில் உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. என் கார்டு பன்னிரண்டு வருஷம் உன் கையில்தான் இருந்தது. அதில் இருந்த சிவப்பு வட்டம் எல்லாவற்றையும் நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, காலிக் கட்டத்தைப் பார்த்து எனக்கு வாசித்தாய்.